எங்கள் ஊருக்கு மனநல ஆலோசகர்களை அனுப்பும் முடிவைத் திரும்பப் பெறுங்கள்

கடற்கரைத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு நடத்தும் அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பங்குப் பேரவைக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கடலுக்குள் கல்லைப் போட்டுக் கட்ட வரப்போகும் திட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் தேவையில்லாத பயமும் தவறான நம்பிக்கைகளும் பரவியிருக்கின்றனவாம். அதைப் போக்க மனநல ஆலோசகர்கள் கொண்ட குழு ஒன்று வீடு வீடாக வந்து பேசுமாம். ஊர் ஒத்துழைக்க வேண்டுமாம். ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் அதை வாசித்துக் காட்டினார்கள். யாரும் கத்தவில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும், "அப்போ நமக்குக் கிறுக்குன்னா சொல்லுதாவ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். உங்கள் அலுவலகத்தின் பெயரையோ, கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அலுவலரின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அலுவலர்கள் மாற்றலாகிப் போகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள். எங்களைப் பார்க்கிற பார்வை மட்டும் மாறுவதே இல்லை. என் புகார் அந்தப் பார்வையின் மீதுதான்.

முதலில் அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

வேலை நாள் ஒன்றில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தீர்கள். வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் போகிற நேரம் அது. பெண்கள் ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மீன் பாத்திரத்தை மண்டப வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். முதல் ஒரு மணி நேரமும் திட்டத்தின் தரப்பில் வந்தவர்கள் திரையில் படம் காட்டிப் பேசினார்கள். முழு அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தமிழில் கிடைத்தது ஒரு மெலிந்த சுருக்கம். அப்புறம்தான் ஊர்க்காரர்கள் கைக்கு மைக் வந்தது.

ஒக்கிப் புயலில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் எழுந்தார். அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கூட்டத்தில் பேசுகிற ஆளே கிடையாது. "சாரே, அன்னைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னுதான சொன்னிய" என்று ஆரம்பித்தார். குரல் உடைந்தது. பேசிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே பேசினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, திட்டத்தைப் பத்தி மட்டும் பேசுங்க" என்று மேடையிலிருந்து சொன்னார்கள். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. மண்டபத்தில் சத்தம் எழுந்தது அதற்குப் பிறகுதான், அதுவரை எழவில்லை. பின்னர் கையில் கிடைத்த நடவடிக்கைக் குறிப்பில், பொதுமக்கள் உணர்ச்சிவசப்பட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்று ஒற்றை வரி இருந்தது. அந்த வரியைத்தான் இப்போது வந்திருக்கும் கடிதத்துக்கும் ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள்.

அந்தப் பெண் பேசியது திட்டத்தைப் பற்றித்தான். கடலுக்குள் கல்லைப் போட்டு நீட்டினால் மணல் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் கரை அரித்துப் போகும், ஆனி ஆடியில் நாங்கள் வள்ளத்தை எங்கே ஏற்றுவது என்று கேட்டார். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் வாய்ப்பகுதியில் மணல் சேர்ந்து, வள்ளங்கள் கவிழ்ந்து, ஆட்கள் செத்ததைச் சொன்னார். அப்படி ஏதாவது நடந்தால் எந்த அலுவலகத்துக்கு வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒரு பொறியாளர் கேட்டிருந்தால் அத்தனையும் குறிப்பில் ஏறியிருக்கும். அழுகிறவருக்கு விவரம் தெரியாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? இழப்பை அனுபவித்தவர் என்பதால்தான் அவருக்கு அந்தக் கேள்விகள் தோன்றின.

இதில் சட்டமும் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, கூட்டம் முழுவதையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. மக்கள் சொன்ன எல்லாக் கருத்துகளையும் கவலைகளையும் சரியாகச் சுருக்கி எழுதி, கூட்டம் முடியும்போது அங்கேயே உள்ளூர் மொழியில் விளக்கி வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. கடைசி வரை அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. எதுவும் வாசிக்கப்படவில்லை.

மக்கள் கூடினால் புத்தி போய்விடும் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. 1895இல் பிரான்சில் குஸ்தாவ் லெ பான் அதை ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார். தனியாக இருக்கும்போது நிதானமாக இருக்கிற மனிதன், கூட்டத்தில் சேர்ந்ததும் தன்னை இழந்து, யாராவது தூண்டினால் தூண்டிய பக்கம் போவான் என்பது அவர் வாதம். 1871இல் பாரிஸ் மக்கள் எழுந்து நின்றதைப் பார்த்துப் பயந்துபோன வர்க்கத்தின் மனநிலை அதில் அப்படியே தெரியும். ஆட்சியில் இருப்பவர்களுக்கு அந்த வாதம் மிகவும் வசதியாகப் போயிற்று. கூட்டத்துக்குப் புத்தியே இல்லை என்று ஆகிவிட்டால் அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே.

அந்த வாதத்தைப் பின்னால் வந்த உளவியலாளர்களே உடைத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 2ஆம் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் என்ற பகுதியில், ஒரு காபிக் கடையில் போலீஸ் சோதனை போட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அங்கே இருந்தவர்களிடம் கேட்டு, நடந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார் ஸ்டீபன் ரெய்ச்சர். மக்களின் கோபம் போலீஸ் மீதும், வங்கி போன்ற சில இடங்கள் மீதும்தான் போனது. வீடுகளையும் உள்ளூர்க்காரர்களின் கடைகளையும் பெரும்பாலும் தொடவில்லை. போலீஸைத் தங்கள் பகுதியிலிருந்து வெளியேற்றியதும் அந்த எல்லைக்கு வெளியே துரத்திக்கொண்டு போகவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களே நடுத்தெருவில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தி அனுப்பினார்கள். கூட்டத்தில் சேர்ந்த மனிதன் தன்னை இழப்பதில்லை, நான் என்ற இடத்தில் நாங்கள் என்று உணர்கிறான், எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்பதை அந்த நாங்கள் வகுக்கிறது என்று ரெய்ச்சர் எழுதினார்.

இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2004இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளுக்கு அந்நாட்டுக் காவல்துறையின் ஒரு பிரிவு இந்த ஆய்வாளர்களைக் கலந்துகொண்டுதான் பாதுகாப்புத் திட்டம் போட்டது. கலவரத் தடுப்புப் படையைக் கண்ணில் படாமல் நிறுத்திவிட்டு, சாதாரணச் சீருடையில் பேசிப் பழகும் காவலர்களை முன்னால் விட்டார்கள். அந்தப் பிரிவின் பொறுப்பில் இருந்த நகரங்களில் பெரிய கலவரம் நடக்கவில்லை. உளவியலைப் பயன்படுத்த விரும்பினால் இப்படியும் பயன்படுத்தலாம். முதலில் மாற வேண்டியது கூட்டத்தை எதிர்கொள்பவர்களின் நடத்தை என்று அந்த உளவியல் சொல்கிறது.

நம் பக்கத்தில் நடந்ததையும் பாருங்கள். 2012இல் கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக இடிந்தகரையில் மக்கள் உட்கார்ந்திருந்தபோது, அவர்களுக்கு ஆலோசனை சொல்ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியை மத்திய அரசு நாடியது. எங்கள் கடற்கரையின் தொடர்ச்சிதான் இடிந்தகரை. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அங்கே கட்டிக் கொடுக்கப்பட்டவர்கள். அந்தச் செய்தி அவர்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வெடிப்பு நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பினார்கள். அதே வழியில் இப்போது நீங்களும் போகிறீர்கள்.

2017 டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் நானும் இருந்தேன். ஒக்கி வீசி ஒரு வாரம் ஆகியிருந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். முதலமைச்சர் நேரில் வர வேண்டும், தேடும் கப்பல்களில் எங்கள் ஆட்களையும் ஏற்ற வேண்டும், காணாமல் போனவர்களின் சரியான கணக்கு வேண்டும் என்றார்கள். இருட்டிய பிறகும் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தார்கள். என் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், ரயில் நிலையக் கடைக்காரர் காசு வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், பால் வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். எங்கள் ஊர்க் கூட்டம் அப்படிப்பட்டது.

ஒரு வாரம் கழிந்தும் ஆட்கள் உயிரோடு இருப்பார்கள் என்று அவர்கள் நம்பியதைச் சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கன்னாசை, அதாவது பிளாஸ்டிக் கேனைப், பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் மிதக்கலாம் என்று தெரிந்தவர்களின் நம்பிக்கை அது. அப்படி மிதந்து பிழைத்தவர்களும் உண்டு. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் படகுகள் போய் ஒதுங்கத்தான் செய்தன.

உடல் கிடைக்காத சாவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்று ஊர் சொல்லாது, சட்டமும் சொல்லாது. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ளச் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும். ஒக்கிக்காக அரசு அதைத் தளர்த்தியதற்கும் மக்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. முடிவு தெரியாத இந்த மாதிரி இழப்பை அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். இதில் தவிக்கிறவரிடம் கோளாறு எதுவும் இல்லை, அவர் மாட்டியிருக்கும் நிலைமைதான் மனிதரால் தாங்க முடியாதது என்பது அவர் சொன்னதன் சாரம். புயலுக்குப் பிறகு வந்த மழைக்காலங்களில் காற்று கொஞ்சம் வலுத்தாலும் என் வகுப்புப் பையன்கள் கரும்பலகையைப் பார்க்க மாட்டார்கள், ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். ஒருவன் ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் வந்து, "டீச்சர், அப்பாக்கு ஒரு போன் போடலாமா?" என்று கேட்பான். அந்த நாளில் எங்களுக்கு ஆலோசகர்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் பக்கம் வந்த ஓரிருவரும் சில வாரங்களில் போய்விட்டார்கள். இப்போது, நாங்கள் ஒரு திட்டத்தைக் கேள்வி கேட்கும்போது, குழுவாக வருகிறார்கள்.

அடுத்தது, யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. கோவில் மணி அடித்தால் ஊரே கூடுகிறது, சாமியார் சொன்னால் கேட்கிறார்கள், அதனால் இது மக்களின் சொந்தக் கருத்து இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார். எங்கள் ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் கடலில் எதுவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடுவோம். அன்பியக் கூட்டத்தில் தெருவுக்குத் தெரு உட்கார்ந்து செபம் சொல்கிறோம்; யார் வீட்டில் கஷ்டம், யார் பிள்ளைக்குப் படிப்புக்குப் பணம் வேண்டும் என்றும் அங்கேதான் பேசுகிறோம். கூடுவதற்கு எங்களுக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை ஆராய்ந்த ஆல்டன் மோரிஸ், அந்த மக்களின் தேவாலயங்கள்தான் இயக்கத்துக்கு ஆளும் பணமும் கூடும் இடமும் பாட்டும் கொடுத்தன என்று காட்டினார். 1955இல் மாண்ட்கோமரியில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் தாக்குப் பிடித்ததற்கு அந்தப் பின்புலம் முக்கியமான காரணம். அங்கேயும் வெளியாள் தூண்டுகிறான் என்றுதான் சொன்னார்கள்.

கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் என்ன செய்தார்? குனிந்து நடக்க வேண்டும் என்று வைக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். பதி என்ற அவருடைய கோவிலில் சிலைக்குப் பதில் கண்ணாடி இருந்தது. கும்பிடப் போனவனுக்குத் தலைப்பாகையோடு தன் முகமே தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தன்னை இழிவாக நினைக்கப் பழக்கப்பட்ட மனம் அங்கே மாறியது. உளவியல் என்று ஒன்று தனிப் படிப்பாக வருவதற்கு முன்பே, எங்கள் மாவட்டத்தில் ஒருவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார். ஊர் ஊராக எழுந்த நிழல் தாங்கல்கள் என்ற சிறு வழிபாட்டிடங்களில் மக்கள் கும்பிட்டார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், தைரியமும் பெற்றார்கள். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது. அந்த அரசுக்கும் அவர் ஜனங்களைக் கெடுக்கிறவராகத்தான் தெரிந்தார்.

தோள்சீலைப் போராட்டமும் அதே மண்ணில் நடந்ததுதான். நாடார் பெண்கள் மேலாடை போடக்கூடாது என்று 1829இல் அரசாணை வந்தது. சந்தையில் துணியைக் கிழித்தார்கள், வீடுகளையும் பள்ளிகளையும் எரித்தார்கள். அந்தப் பெண்கள் விடவில்லை. 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜா இறங்கி வந்து ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய வெட்கத்தையும் கோபத்தையும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசித் தணித்திருந்தால், இன்றைக்கு உங்கள் முன் நின்று மைக் பிடிக்கும் பெண்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள்?

இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இருப்பதே ஒரு போராட்டத்தால்தான். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சியில் இருந்த பட்டம் தாணு பிள்ளையைப் பதவி விலகச் சொன்னவர் அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாதான். மக்களைச் சுட்ட ஆட்சி நீடிக்கலாமா என்ற கேள்வியை ஆளுங்கட்சிக்குள்ளேயே எழுப்பிய மண் இது. 1956 நவம்பர் 1 முதல் நாம் தமிழ்நாடு. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் உள்ளூர் விடுமுறை விட்டு, அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியின் சிலைக்கு மாலை போடுகிறீர்கள். அன்றைக்குத் தெருவில் இறங்கியவர்களும் உணர்ச்சியோடுதான் இறங்கினார்கள்.

எங்கள் பக்கமும் வதந்தி உண்டு. அதை நான் மறைக்கவில்லை. கடல் பல மைல் உள்ளே வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. அது தவறு என்று அன்பியக் கூட்டத்தில் நானே சொன்னேன். சரி, அப்படியானால் உண்மை எவ்வளவு, எந்த இடம் வரை அரிக்கும் என்று திருப்பிக் கேட்டார்கள். காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்ள வரைபடத்தில் எங்கள் தெருக்களின் பெயர்கூட இல்லை.

பயத்தை ஆளிடமிருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள், பயம் வந்த காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று நமக்குத் தெரியும். 1989 மே 1ஆம் தேதி, இரண்டு கரைகளிலிருந்தும் மீனவர்கள் நடந்து வந்து கன்னியாகுமரியில் கூடிய பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஆரம்பித்த துப்பாக்கிச் சூடு 13 உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டு ஊர்களிலும் மக்கள் கேட்டதைக் காது கொடுத்துக் கேட்க அதற்கு முன்பு எத்தனையோ நாட்கள் இருந்தன.

ஆகவே கேட்கிறேன்.

அந்தக் கடிதத்தை எழுத்துமூலமாகத் திரும்பப் பெறுங்கள். எங்கள் மக்களின் மனநிலை பற்றி அதில் எழுதியிருப்பதை நீக்குங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தின் முழு வீடியோவையும் வெளியிட்டு, ஒவ்வொருவரும் கேட்ட கேள்வியை அவரவர் சொன்னபடியே குறிப்பில் சேர்த்து, அதற்கான பதிலையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தப் பெண்ணின் கேள்விகளை முதலில் சேருங்கள்.

முழு அறிக்கையையும் தமிழில் தாருங்கள். தெருப் பெயர் போட்ட வரைபடமும் வேண்டும். அதைப் படிக்க எங்களுக்கு இரண்டு மாதமாவது வேண்டும். அதன் பிறகு மறுபடியும் கூட்டம் வையுங்கள். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், எங்கள் ஊரிலேயே வையுங்கள். பேசுகிறவர் அழுதால் காத்திருங்கள், மைக்கை வாங்காதீர்கள். வாசலில் காவலர்களை நிறுத்துவதானால், ஊர்க்காரர்களோடு பேசத் தெரிந்தவர்களை நிறுத்துங்கள்.

ஆலோசகர்களை அனுப்பத்தான் வேண்டும் என்றால், திட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அனுப்புங்கள். கடற்கரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிரந்தரமாக ஒருவரை வையுங்கள். உடல் கிடைக்காத வீடுகளும், கடலுக்குப் போகப் பயப்படும் இளைஞர்களும், குடியில் விழுந்தவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவது எதுவும் உங்கள் திட்டக் கோப்புக்குள் போகாது என்று உத்தரவாதம் தாருங்கள்.

அடுத்த கூட்டத்தின் தேதியை அறிவிப்பதற்கு முன்னால், இந்த ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று, காரணத்தோடு, தமிழில் எழுத்துமூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி,
கிள்ளியூர் வட்டக் கடற்கரை, கன்னியாகுமரி மாவட்டம்